ஆயில் எங்கே போகிறது?

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை இரும்புலியூரிலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் கார் ஓட்டியவர்களுக்கு முதல் கியரின் அருமை தெரியும். ஊருக்குக் கிளம்பிய பஸ்கள், மூட்டை கட்டிய வேன்கள், நடுவில் நுழையும் பைக்குகள். ஏசி ஓடுகிறது, இன்ஜின் ஐடிலில் கொதிக்கிறது. அந்த நேரம் பார்த்து, பன்னிரண்டு பதினைந்து வயதான காரின் டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு லைட் லேசாக மினுக்கும். ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் அணைந்துவிடும். பைபாஸில் ஏறி எண்பதில் போனால் அது இருந்த சுவடே தெரியாது. 'ஏதோ வயர் லூஸ்' என்று நாமும் விட்டுவிடுவோம்.

வயர் லூஸாகவும் இருக்கலாம். ஆனால் அந்த லைட் பைபாஸில் காணாமல் போனதற்குக் காரணம் வேறு. ஆயில் பம்ப்பைச் சுற்றுவது இன்ஜின்தான். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் பம்ப்பும் வேகமாகச் சுற்றும், அழுத்தம் ஏறும். நெரிசலில் நிற்கும்போது சுற்றும் குறைவு, சூட்டில் ஆயிலும் நீர்த்துப்போயிருக்கும். தேய்ந்த இன்ஜின் தன் உண்மையான நிலையைக் காட்டுவது அப்போதுதான். எண்பதில் ஓடும்போது மறைத்துவிடும்.

பழைய வண்டிக்காரர்கள் நூறில் எண்பது பேர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். (நூறில் எண்பது என்பது என் கைக்கணக்கு, ஆய்வு அல்ல.) பெரும்பாலான பழைய கார்களில் அந்தச் சிவப்பு லைட் ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. மொட்டைமாடி டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தும் கீழே குழாயில் சொட்டிக்கொண்டிருப்பது உண்டல்லவா, அதே கதை. இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவு சுவிட்ச் ஒன்று, அழுத்தம் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே விழுந்தால்தான் லைட்டை எரியவைக்கும். நல்ல இன்ஜின் ஹைவேயில் ஓடும்போது 3, 4 பார் இருக்கும். அப்படியானால் லைட் எரிகிறது என்பது 'ஆயில் குறையப் போகிறது, கவனம்' என்ற முன்னறிவிப்பு அல்ல. பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்ற தகவல்.

ஆகவே ஓடும்போது லைட் நிலையாக எரிந்தால், அடுத்த பெட்ரோல் பங்க் வரை, வீடு வரை, தெரிந்த மெக்கானிக் ஷெட் வரை என்ற கணக்கெல்லாம் வேண்டாம். ஓரம் கட்டுங்கள், இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர் சோம்பலுக்கு கிராங்க் ஷாஃப்ட்டையே விலையாகக் கொடுத்தவர்கள் இந்தச் சாலையில் ஏராளம். பத்து நிமிடம் கழித்து ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். கம்பியின் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் அதே கிரேடு ஆயில் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்து ஒரு முறை ஸ்டார்ட் செய்யலாம். இரண்டு மூன்று விநாடிக்குள் லைட் அணைந்தால் மெதுவாக ஓட்டிப் போகலாம். கம்பியில் ஆயில் சரியாக இருந்தும் லைட் எரிகிறது என்றால் மறுபடி சாவியைத் திருப்பவே வேண்டாம், டோ வண்டிதான். டோவுக்கு ஆகும் காசு, இன்ஜின் இறக்கும் காசுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

தினமும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றும் உண்டு. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், அந்த லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கிறது அல்லது சுவிட்சுக்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் நாளைக்கு அழுத்தம் விழுந்தால் உங்களுக்குச் சொல்ல ஆளில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை மறக்காமல் பாருங்கள். மினுக்கும் லைட்டுக்கு வைத்தியமாக வயரைப் பிடுங்கிவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி நெரிசலில் மட்டும் மினுக்கும் அந்த லைட்டுக்கு வருவோம். முதல் சந்தேகம் ஆயில் அளவு. அடுத்தது ஆயிலின் வயது. ஜி.எஸ்.டி. சாலையில் தினம் ஊர்ந்து வேலைக்குப் போகும் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. மீட்டர் ஐயாயிரம் காட்டும்போது இன்ஜின் பத்தாயிரம் ஓடின அளவுக்குச் சுற்றியிருக்கும். கிலோமீட்டர் முடியாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்றுங்கள், நெரிசலில் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்னால். மூன்றாவது சந்தேகம் அந்த சுவிட்ச். விலை சில நூறு ரூபாய்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜைத் திருகி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சூடான ஐடிலில் 1 பார் அளவில் நின்று, சுற்று ஏற ஏற அழுத்தமும் ஏறினால் பம்ப்பும் பேரிங்கும் பரவாயில்லை, பழி சுவிட்சின் மேல். கம்பெனி கையேட்டில் உங்கள் மாடலுக்கு உள்ள அளவு இருக்கும், கடைசித் தீர்ப்பு அதுதான். கேஜ் இல்லாத ஷெட்டில் யாராவது 'பம்ப் போயிடுச்சு' என்று சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம், தப்பில்லை.

அளந்த அழுத்தம் உண்மையிலேயே குறைவு என்றால் உடனே பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆயில் சேம்பருக்குள் பம்ப் உறிஞ்சும் இடத்தில் வலை போட்ட ஒரு வடிகட்டி இருக்கிறது. வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட ஆயில் சர்வீஸ், கறுப்புக் களிம்பாக அங்கே அடைந்திருக்கும். அதைவிட எனக்கு ஆத்திரம் வரவழைப்பது அனபாண்ட் பசைத் துண்டுகள். சேம்பர் பேக்கிங்குக்குப் பதிலாக அனபாண்டை விரல் பருமனில் வழியவிட்டு ஒட்டுவார்கள். வெளியே பிதுங்கியது நம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது காய்ந்து, உடைந்து, நேராக அந்த வலையில் போய் உட்காரும். பசையில் குற்றமில்லை, பிதுக்கிய கையில்தான் குற்றம். சேம்பரை இறக்கி வலையைக் கழுவினாலே அழுத்தம் திரும்பிவிடும் வண்டிகள் உண்டு. மலிவு ஃபில்டரும் ஒரு காரணம். அதற்குள் இருக்கும் சின்ன வால்வு வேலை செய்யாவிட்டால், இரவில் ஆயில் முழுக்கக் கீழே இறங்கி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் லைட் அணைய நேரமாகும்.

மற்ற லைட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நின்றாக வேண்டியது, மஞ்சள் பார்க்க வேண்டியது. இது அநேகமாக எல்லாக் கம்பெனிக்கும் பொது. டெம்பரேச்சர் சிவப்பு எரிந்தால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். பேட்டரி லைட் எரிந்தால் வெறும் பேட்டரி சமாச்சாரம் என்று நினைப்போம். பழைய டீசல் வண்டிகள் சிலவற்றில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும், அதற்கு இன்ஜின் ஆயில் குழாய் ஒன்றும் போகும். அந்த சீல் போனால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கி சார்ஜிங்கைக் கெடுக்கும். ஆயில் குறைவது, பேட்டரி லைட் எரிவது, பிரேக் மிதி கெட்டியாவது என்று மூன்று தனித்தனிப் புகார்களோடு போவீர்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றே.

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் நிலையாக எரிந்தால் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். கண் சிமிட்டினால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்துச் சீக்கிரம் நிறுத்துங்கள். சென்னையில் 2010 ஏப்ரலில் பி.எஸ்.4 மாசு விதி வந்தபோதே காருக்குள் சுயபரிசோதனை கட்டாயமானது, 2013 ஏப்ரலிலிருந்து அதன் இரண்டாம் கட்டம். ஆகவே அந்தக் காலத்துக்குப் பின் வந்த கார் என்றால் ஸ்டீயரிங் கீழே பதினாறு ஊசி சாக்கெட் இருக்கும். புளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் செருகி மொபைலில் பழுதுக் கோடு (code) பார்ப்பது நல்ல பழக்கம். கோடு சொல்வது விளைவை, காரணத்தை அல்ல என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். வி.வி.டி. (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) உள்ள இன்ஜினில் பி0011 என்று வந்தால் கேம் ஷாஃப்ட் நேரம் தவறுகிறது என்று அர்த்தம். அந்த அமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. குறைந்துபோன ஆயிலோ, களிம்பேறிய ஆயிலோ அந்தக் கோடைக் கொண்டுவரும். விலையுள்ள வால்வை மாற்றுமுன் கம்பியை உருவிப் பாருங்கள்.

கம்பியைப் பார்ப்பதிலும் முறை இருக்கிறது. சரிவான தெருவில் நிறுத்தி அளந்த கணக்கு செல்லாது. சமதரை வேண்டும். இன்ஜின் நின்று பத்து நிமிடமாவது ஆகட்டும், அல்லது காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன். உருவித் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி உருவினால் வருவதுதான் கணக்கு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் பல கார்களில் ஒரு லிட்டர் அளவு இருக்கும். மாருதி 800, மல்டிஜெட் டீசல் போன்றவற்றில் மொத்தக் கொள்ளளவே மூன்று லிட்டர்தான். கம்பியின் கீழ்க்கோட்டில் நிற்கும் இன்ஜின் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்டது, மிச்சம் உள்ள இரண்டு லிட்டரே மூன்று லிட்டரின் சூட்டையும் அழுக்கையும் சுமக்கிறது. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. கிராங்க் அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் நிற்காது, சீல்களும் பிதுங்கும். (பைக்குக்காரர்களுக்கு இடையில் ஒரு வரி: ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கம்பியைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மொத்தமே ஒரு லிட்டருக்குக் குறைவான ஆயில், எச்சரிக்க லைட்டும் கிடையாது.)

டேஷ்போர்டு டிராயரில் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். டாப் அப் செய்த தேதி, மீட்டர் அளவு, எத்தனை மில்லி ஊற்றினீர்கள், இவ்வளவு போதும். 'ஆயில் குடிக்குது சார்' என்று சொல்வதும், 'ஆயிரம் கிலோமீட்டருக்கு 400 மில்லி' என்று சொல்வதும் ஒன்றல்ல. முதலாவதைக் கேட்ட மெக்கானிக் 'இன்ஜின் இறக்கணும்' என்பார். இரண்டாவதைக் கேட்டால் யோசிப்பார். ஐரோப்பிய கம்பெனிகள் சிலவற்றின் கையேடுகளே ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆகலாம் என்று எழுதி வைத்திருக்கின்றன. அது கம்பெனி தன் பாதுகாப்புக்குப் போட்ட எல்லை, நான் அவ்வளவு தாராளமாக இருக்கமாட்டேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரில் ஆயிரத்துக்கு 100 மில்லி என்றால் டாப் அப் செய்துகொண்டு ஓட்டுங்கள். 300, 400 என்று போனால் தேடுங்கள். இந்த மாதம் 100, அடுத்த மாதம் 300 என்று தாவினால் அளவைவிட அந்தத் தாவல்தான் கவலைக்குரியது.

தேடல் என்றால் கேள்வி ஒன்றுதான்: ஆயில் வெளியே சிந்துகிறதா, உள்ளே எரிகிறதா, தண்ணீரோடு கலக்கிறதா?

வெளியே சிந்துவதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் மலிவு. இரவில் காருக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துவையுங்கள். காலையில் சொட்டின் நிறம் பாருங்கள். பழுப்போ கறுப்போ என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் பவர் ஸ்டீயரிங்காகவோ ஆட்டோமேட்டிக் கியராகவோ இருக்கலாம். பச்சை, இளஞ்சிவப்பு, தண்ணீர் மாதிரி ஓடினால் கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளிறிய வழவழப்பு என்றால் பிரேக் ஆயில், அந்த வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். நிறமில்லாத சுத்தமான தண்ணீர் ஏசியிலிருந்து வருவது. மே மாதத்தில் அதைப் பார்த்துப் பதறி ஷெட்டுக்கு ஓடுபவர்கள் உண்டு.

சொட்டு விழும் இடம் கசியும் இடம் அல்ல. ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். கசிவு மேலே டேப்பெட் கவரில் இருக்கும், ஈரம் சேம்பரில் தெரியும், 'சேம்பர் பேக்கிங் போச்சு' என்று அதை மாற்றுவார்கள், மறுவாரம் மறுபடி ஈரம். எனவே இன்ஜினை டீசல் அடித்துக் கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவி, இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்திருக்கும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. கழுவும்போது ஆல்டர்னேட்டரையும் வயர் கனெக்டர்களையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள்.

வழக்கமான இடங்கள்: டேப்பெட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் (பழைய வளையம் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புதிய ஃபில்டரை மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது), டிரெயின் போல்ட் வாஷர், நாம் பேசிய அதே பிரஷர் சுவிட்ச். கார்புரேட்டர் காலத்து மாருதியில் டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங்கும் சேரும். கிராங்க்கின் முன் சீல் போனால் பெல்ட் பக்கம் சக்கரம் சுற்றிய வட்டத்தில் ஆயில் தெறித்திருக்கும். பின் சீல் போனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டும். பின் சீலின் விலை கொஞ்சம்தான், கியர்பாக்ஸ் இறக்கும் கூலிதான் பெரிது. கிளட்ச் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் அதுவரை டாப் அப் செய்து பொறுத்திருந்து இரண்டையும் ஒரே கூலியில் முடித்துக்கொள்ளுங்கள். ஆயில் கிளட்ச்சில் இறங்கி அது வழுக்கத் தொடங்கிவிட்டால் மட்டும் காத்திருக்க முடியாது.

உள்தெருக்களில் வீட்டுக்கு வீடு போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளையும் சொல்ல வேண்டும். நாலு பேர் ஏறிய பழைய காரின் சேம்பர் அதில் உரசாமல் போவது அபூர்வம். நசுங்கிய சேம்பர் கசியாவிட்டாலும், பள்ளம் உள்ளே உறிஞ்சு குழாயின் வாயை நெருக்கி அழுத்தத்தைக் குறைக்கும்.

எந்த பேக்கிங்கை மாற்றும் முன்பும் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றி மறுபடி எரிக்க அனுப்பும் சின்ன வால்வு அது. அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைப் பிதுக்கும். புது சீல் போட்டாலும் பிதுக்கும். ஒரே சமயத்தில் மூன்று நான்கு இடங்களில் கசிவு என்றால் சீல்கள் எல்லாம் கூட்டாகச் சதி செய்யவில்லை, காற்றுப்போக்கு அடைத்திருக்கிறது.

பெருங்களத்தூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு கிளைக்கதை. கோவென்ட்ரி ஸ்டாண்டர்ட் கம்பெனியின் கூட்டில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம்தான் இருந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அங்கே பிறந்தது. 1985இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000, ரோவர் எஸ்.டி.1 காரின் அழகான உடம்புக்குள் 1940களின் வேன்கார்டு இன்ஜினைச் சுமந்து வந்து, சில வருடங்களிலேயே கடையைக் கட்டியது. அந்த இன்ஜின் குடும்பத்தில் கிராங்க்கின் பின்முனையில் இன்றைய மாதிரி ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் மரை ஒன்றுதான், சொட்டுவது அதன் பிறவிக்குணம். 'பழைய வண்டின்னா சொட்டத்தான் செய்யும்' என்று பெரியவர்கள் சொல்வது அந்தத் தலைமுறை வண்டிகளுக்குச் சரி. 2008 மாடல் சான்ட்ரோவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் சைலன்ஸரைப் பாருங்கள். நீங்கள் ஓட்டும்போது தெரியாது, பின்னால் ஒருவரை நிற்கவையுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை குப்பென்று வந்து ஒரு நிமிடத்தில் ஓய்ந்தால் வால்வு சீல். இரவெல்லாம் மேலிருந்து கசிந்த ஆயில் சிலிண்டருக்குள் தேங்கி எரிகிறது. மேம்பாலத்தில் கியரில் இறங்கி, கீழே வந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது புகைந்தாலும் பெரும்பாலும் அதுவே, அல்லது வால்வு கைடு. சுமையோடு ஏறும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங். கரும்புகை எரிபொருள் சமாச்சாரம், ஆயில் அல்ல. இனிப்பு வாடையோடு அடர்ந்த வெண்புகை விடாமல் வந்தால் கூலன்ட் எரிகிறது.

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. நீலப்புகை என்றதும் 'போர் போட்டு பிஸ்டன் மாத்தணும்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். வால்வு சீல் மாற்றுவதற்கு முழு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. பல மாடல்களில் ஹெட்டையே கழற்றாமல் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனவே முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். நான்கு சிலிண்டரின் அளவையும் எழுதி வாங்குங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. இது பெட்ரோலுக்கு மட்டும். டீசலில் இந்த ஸ்பூன் வேலை ஆபத்து. டீசலுக்கு, ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அந்த வாயில் சும்மா வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் இயல்பு. தூக்கி எறிந்து புகை தள்ளினால் ரிங்குகளைத் தாண்டி வாயு இறங்குகிறது.

டர்போ டீசலில் இன்னொரு வழியும் உண்டு. இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது வழக்கம், குளமாக நின்றால் டர்போ சீலைப் பார்க்க வேண்டும். இதை ஒத்திப்போடாதீர்கள். அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு டீசல் இன்ஜின் தானாக வெறிபிடித்து ஓடத் தொடங்கினால் சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்போது பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, உச்ச கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு அடக்க வேண்டும்.

மூன்றாவது வழி தண்ணீரோடு கலப்பது. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த டீ நிறத்தில் களிம்பு தெரிந்தால் ஹெட் கேஸ்கட் என்று எல்லோரும் சொல்வார்கள். மழைக்காலத்தில் ஸ்கூலுக்கும் கடைக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், சூடேறாத இன்ஜினுக்குள் ஈரம் படிந்தும் அந்தக் களிம்பு வரும். கம்பியிலும் அதே நிறம் இருக்கிறதா, கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் ஒரு நாள் செங்கல்பட்டு வரை நன்றாக ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். மறுபக்கம், கூலன்ட் டப்பாவில் ஆயில் மிதக்கிறது, ஆனால் ஆயிலில் தண்ணீர் இல்லை என்றால், ஹெட்டைக் கழற்றுமுன் ஆயில் கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கூலருக்குள் ஆயில் அழுத்தம் தண்ணீர் அழுத்தத்தைவிட அதிகம், ஓட்டை விழுந்தால் ஆயில்தான் அந்தப் பக்கம் போகும்.

ஆயில் அளவு ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். கம்பியை முகர்ந்து பாருங்கள். எரிபொருள் வாடை அடித்தால் கார்புரேட்டர் மாருதியில் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், டீசலில் இன்ஜெக்டர் கசியலாம். நீர்த்த ஆயிலில் அழுத்தம் நிற்காது, தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அளவு ஏறியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாசலில் நின்ற கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரை ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. பேட்டரி வயரைக் கழற்றி, ஆயிலை வடித்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை. இங்கே பழைய கார் வாங்குபவர்கள் ஸ்பேர் வீல் பள்ளத்திலும் சீட் கம்பிகளின் அடியிலும் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூழ்கிய காரில் லைட் எரிவது அழுத்தத்தாலா, பச்சை பிடித்த கனெக்டராலா என்று கண்டுபிடிப்பதற்குள் ஆயுள் போய்விடும்.

ஆயில் கிரேடு பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 20டபிள்யூ-40 என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நம் ஊர் மார்கழிக்கு முதல் எண் பெரிய பொருட்டல்ல, இரண்டாவதுதான் பேசும். கையேடு இரண்டு கிரேடுகளை அனுமதித்தால், தேய்ந்த இன்ஜினுக்கு அதில் கெட்டியானதை எடுங்கள். அனுமதிக்காத கெட்டி ஆயிலை ஊற்றிப் புகையையும் மினுக்கலையும் மறைப்பது விற்கப்போகிறவர்களின் தந்திரம். மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த வி.வி.டி. இன்ஜினிலும் டர்போவிலும் அது புது வம்பு. கசிவை நிறுத்தும், புகையை நிறுத்தும் என்று டப்பாவில் விற்கும் மருந்துகளுக்கு நான் காசு கொடுக்கமாட்டேன். வடித்த பழைய ஆயிலை வாசல் மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள், அது ஏரிக்குத்தான் போகும். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஷெட்டில் கொடுங்கள்.

இத்தனையும் பார்த்து ரிங்தான் என்று உறுதியானால், இன்ஜினைத் திறப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் திறங்கள். சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருடம், அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். தாம்பரம் ஆர்.டி.ஓ.வில் காட்டும்போது புகை தள்ளும் வண்டி நிற்காது. வேலை செய்வதானால் புதுப்பித்தலுக்கு முன்னால் செய்யுங்கள், அந்த ஐந்து வருடத்தை நினைத்துச் செய்யுங்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் முதலில் விசாரியுங்கள். ஃபோர்டின் மறைமலை நகர் ஆலை 2022இல் கார் உற்பத்தியை நிறுத்திய பிறகும் ஃபிகோ, ஈக்கோஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். வேலையை ஒப்படைக்கும் முன் பிஸ்டன் செட்டும் முழு பேக்கிங் செட்டும் கையில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளட்டும். லேத்தில் போர் அளந்த கணக்கை எழுதி வாங்குங்கள். தேய்மானம் எல்லைக்குள் இருந்தால் ஹோனிங் செய்து புது ரிங் போதும், ஓவர்சைஸ் பிஸ்டன் தேவைப்படாது. பேரிங், ஆயில் பம்ப், வால்வு சீல் மூன்றையும் அதே கையோடு பார்க்கச் சொல்லுங்கள், இரண்டாம் தடவை திறக்கும் கூலி மிச்சம். அதற்கெல்லாம் முன் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடித்தகட்டை ஒரு ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். துருவில் அது உள்ளே போனால் இன்ஜினுக்குச் செலவழிக்க வேண்டாம். ஒரு கேன் ஆயில் டிக்கியில் வைத்துக்கொண்டு, பதிவு முடியும் வரை ஊற்றி ஊற்றி ஓட்டிவிட்டு, ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.